வில்லுக்குறி

வாயில் விசில் இருந்தது.
இறங்க வேண்டியவர் எழுந்து நின்றுவிட்டார்.
பெயர்தான் வரவில்லை.

இருபத்தாறு வருடமாக
குலசேகரத்துக்கும் வடசேரிக்கும் இடையில்
நாக்கு தானாகச் சொல்லிப்போகிற வரிசை:
திருவட்டார், வேர்க்கிளம்பி, அழகியமண்டபம், தக்கலை,
அதற்கப்புறம்
ஒரு பள்ளம்.
மரச்சீனிச் சாக்கோடு பின்சீட்டிலிருந்த பெண்
"வில்லுக்குறி எறங்குங்க" என்று
என் வேலையைச் செய்தாள்.

எங்கள் பக்கம் ஞாபகத்துக்கு ஓர்மை என்று பேர்.
கடன் கேட்கிறவனும் கல்யாணம் சொல்ல வருகிறவனும்
"ஓர்ம இருக்கா?" என்றுதான் தொடங்குவான்.
அண்ணன் தங்கையனிடம் கடைசி நாலு வருடம்
யாரும் அப்படித் தொடங்கவில்லை.
ரப்பர் ஷீட் எண்ணிய கை
சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தது.
ஐந்து. ஐந்து. ஐந்து.

ஆசாரிப்பள்ளத்தில் டாக்டரம்மா
கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன்.
பதினொன்று பத்து காட்டச் சொன்னாள், காட்டினேன்.
ஐந்து வார்த்தை சொல்லி, வேறு பேச்சு பேசி,
திருப்பிக் கேட்டாள்.
நாலுதான் இருந்தது.
"அண்ணனுக்கு வந்தா உங்களுக்கும் வரணும்னு இல்ல" என்றாள்.
பிரஷர் நூற்றி அறுபத்தெட்டு.
"எவ்வளவு நாளா?"
எனக்கெப்படித் தெரியும்,
டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆள் அது.

பிறகு காது.
வலது பக்கம் பாதி போயிருந்தது.
கேட்காததை ஊகித்து ஊகித்தே மூளை களைத்துப்போகும்,
அப்புறம் ஆட்களை விட்டே ஒதுங்கும் என்றாள்.
டிப்போ சாயாக்கடையில் இரண்டு வருடமாக
நான் ஏன் தனி பெஞ்சில் இருக்கிறேன் என்று
அப்போதுதான் விளங்கியது.
அண்ணனுக்கு யாரும் காது பார்க்கவில்லை.
ரத்தமும் பார்க்கவில்லை.
"வயசானா அப்படித்தான்" என்று
நாங்களே டிக்கெட் கிழித்துக் கொடுத்தோம்.

"இதெல்லாம் செஞ்சா வராதா?"
"குறையும்" என்றாள்.
வராது என்று சொல்லவில்லை,
அதனால் நம்பினேன்.

பீடி போனது. மூன்று தடவை திரும்பி வந்து, போனது.
கருவாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று
ஜெயசோபா தீர்ப்பெழுதினாள்,
சாளைக்குத் தடையில்லை.
விடிய ஐந்தரைக்கு சானல் கரையில் வில்சனோடு நடை.
அவன் அரசியல் பேசுவான்.
மூச்சு வாங்கினாலும்
மறுத்துப் பேசாமல் விடமுடியாத அரசியல்.

புதிதாக ஏதாவது படியுங்கள் என்றாளே,
பிறந்ததிலிருந்து காதில் விழும் மலையாளத்தை
எழுத்துக்கூட்டத் தொடங்கினேன்.
களியக்காவிளையில் நின்று
ஒரு கேரள பஸ்ஸின் நெற்றியைப் படித்தேன்:
நெய்... யாற்... றின்...
பஸ் போய்விட்டது.

கொசுவளவு மெஷினைக் காதில் மாட்டிய அன்று
தோல்பைக்குள் சில்லறை
இத்தனை குரலில் பேசுமென்று தெரிந்தது.
அடுக்களையில் ஜெயசோபா சுதி விலகிப் பாடுகிறாள்,
எவ்வளவு காலமாகவோ.
என்னிடம் சொல்லி நான் "ம்" என்ற பழைய சங்கதிகளையெல்லாம்
முதலிலிருந்து சொன்னாள்.
கழற்றி வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, உள்ளதுதான்.

இப்போதும் தக்கலை தாண்டினால்
வயிற்றில் ஒரு சின்ன இறுக்கம்.
தோட்டியோடு வரும்வரை விடாது.
பெயரை முன்கூட்டியே வாயில் போட்டு
மட்டிப்பழம்போல் ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன்.

நேற்று, நல்ல மழை,
ஷட்டரெல்லாம் இறக்கிய பஸ்ஸில்
ஒரு பையனுக்கு மீதி ஏழு ரூபாய் எண்ணும்போது
சம்பந்தமேயில்லாமல் வந்து நின்றது
அந்த ஐந்தாவது வார்த்தை:
கொய்யா.
சரிதானா என்று கேட்க
டாக்டரம்மா பஸ்ஸில் இல்லை.
பையன் கையை நீட்டியபடி நின்றான்.
"ஏழு" என்றேன்.
வில்லுக்குறி வந்தது,
விசிலடித்தேன்.